பத்தொன்பதாம் வருடத்துத் தண்ணீர்

மனித நாக்கு அறிவியல் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. இதை உலகத்துக்கு அறிவித்தவன் நான். இடம்: எங்கள் கல்லூரி நிலவியல் துறை, இரண்டாம் மாடி, கழிப்பறைக்குப் போகும் வழியில் இடதுபுறச் சுவர். நானே ஆசிரியராகவும் நிருபராகவும் பசை தடவுபவனாகவும் இருந்து நடத்திய ‘சுத்தியல்’ பத்திரிகை அங்கேதான் மாதம் இருமுறை வெளிவந்தது. ‘பல லட்சம் ஆண்டுகள் உழைத்த நாக்கு இனிமேல் சாப்பாட்டையும் வம்பையும் மட்டும் கவனித்துக்கொள்ளும். அளக்கும் வேலை முழுவதும் கருவிகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. கருவிக்குப் பசி இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை, ஆகவே பொய்யும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். படித்தவர்கள் சிரித்தார்கள். கடைசி வாக்கியம் நகைச்சுவை அல்ல. அதை நான் மனதார நம்பினேன்.

அந்த அறிவிப்புக்குக் காரணம் பூங்காவனம் அக்கா.

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்காக ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். அக்கா அங்கே டெக்னீஷியன். வயது முப்பத்து நான்கு. கல்லைக் கையில் எடுத்தால் முதலில் நக்கிப் பார்ப்பார். நிலவியல்காரர்களுக்கு அது பழைய பழக்கம்தான். ஈரம் பட்டால் கல்லின் மணிகள் பளிச்சென்று தெரியும். அக்கா அதோடு நிற்கவில்லை. கல்லிலிருந்து வடியும் தண்ணீரையும் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, துப்பிவிட்டு, நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ‘சப்பு. சப்பு. சப்பு. லேசாத் துவர்ப்பு.’ பக்கம் பக்கமாக இதேதான்.

விடுவேனா? ‘அகில உலக நாக்கு ஆய்வறிக்கை’ என்று முழுப் பக்கம் போட்டேன். அதில் அக்காவின் மற்ற இரண்டு வழக்கங்களையும் சேர்த்தேன். ஒன்று, எந்நேரமும் வலது கையில் மட்டும் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. இன்னொன்று, தினமும் மாலை ஐந்தரைக்குப் படிக்கட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்தக் கைக்கு மட்டும் நகம் வெட்டுவது. தினமும்! ‘இடது கை என்ன குற்றம் செய்தது?’ என்று தலைப்பு. அதன் படம் வாட்ஸ்அப்பில் பரிசோதனைக்கூடம் வரைக்கும் போனது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் படித்தார். “எழுத்து நல்லா வருது தம்பி உங்களுக்கு” என்றார். அவ்வளவுதான்.

பரிசோதனைக்கூடத்தின் பெருமை ஒரு பெட்டி. பீரோ உயரம், வெள்ளை பெயின்ட். காகிதங்களில் அதன் பெயர் காலமுடுக்கி. நாங்கள் கிழப்பெட்டி என்போம். கண்டுபிடித்தவர் டாக்டர் ஏகநாதன், எங்கள் தலைமை விஞ்ஞானி. சேர்ந்த அன்றே விளக்கினார்.

“உள்ள வெக்கிற பொருளுக்கு நம்ம ஒரு மணி நேரம் ஒரு வருஷம். ஏன், எப்படின்னு கேக்காதே. அது என் அடுத்த கட்டுரை.”

“எதுக்கு சார் கல்லைக் கிழமாக்கணும்?”

“சுரங்கம் தோண்டினா தாது கொஞ்சம், கழிவுக்கல்லு மலை மலையா வரும். அதை வெளிய கொட்டி வெப்பாங்க. மழை பெய்யும். கல்லுக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தன் பைரைட்டு. காத்தும் தண்ணியும் பட்டா அமிலமாக் கக்குவான். இன்னொருத்தன் சுண்ணாம்பு. கக்கக் கக்கக் குடிச்சிடுவான். இவன் இருக்கிற வரைக்கும் தண்ணி நல்லா இருக்கும். இவன் முதல்ல தீந்துட்டான்னா?”

“ஏரி வீணாப் போகும்.”

“ஏரி, கிணறு, மண்ணு எல்லாம். அது பத்து வருஷத்துலயும் நடக்கலாம், எண்பது வருஷத்துலயும் நடக்கலாம். மத்த ஆய்வுக்கூடத்துல கல்லைப் பொடிச்சுக் குழாய்ல போட்டு, வாரா வாரம் தண்ணி ஊத்தி, வருஷக்கணக்குல காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாம ஒரு வாரத்துல அம்பது வருஷ மழையைப் பெய்ய வெச்சுடறோம். உள்ளயே கல்லுக்கு ஒண்ணா எலக்ட்ரோடு, புளிப்பை அளக்கிற கண்ணாடிக் குச்சி. ஏழு காட்டினா நல்ல தண்ணி. ஏழுக்குக் கீழ போகப் போகப் புளிப்பு.”

பெட்டி காலை ஒன்பதரைக்கு ஓட ஆரம்பிக்கும். ஐந்தரைக்குக் காலம் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலத்துக்கு விடுமுறை. நடுவில் நிறுத்தினால் மறுபடி சூடேற ஒரு மணி நேரம், அதற்கு டாக்டரின் சாவி வேண்டும். டாக்டர் பெட்டி அறைக்குள் வருவதில்லை. தன் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் வருடத்துக்கு ஓர் எண்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது கோணக்கரட்டுக் கல். அந்தக் கரட்டில் செம்புச் சுரங்கம் வரப்போகிறது. கழிவுக்கல்லைக் கொட்டப்போகும் பன்னிரண்டு இடங்களுக்குப் பன்னிரண்டு மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது வருடம். நான் சேரும்போது எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது வடக்குக் குவியல். அதற்கு நேர்கீழே கரட்டடியூர். அதுதான் என் ஊர். குவியலின் அடிவாரத்திலிருந்து எங்கள் கிணறு நானூறு அடி. அப்பா இறந்த பிறகு அம்மா அந்தக் கிணற்றை வைத்துத்தான் அரை ஏக்கர் கனகாம்பரமும் என்னையும் வளர்த்தார்.

இந்த ப்ராஜெக்டுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது என் மதிப்பெண்ணைப் பார்த்து அல்ல. வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் கலெக்டர் முன்னிலையில் கருத்துக்கேட்புக் கூட்டம். அதில் முடிவுகளை வாசிக்க ‘மண்ணின் மைந்தன்’ ஒருவன் வேண்டுமென்று கம்பெனி கேட்டிருந்தது. மண்ணின் மைந்தன் நான்தான். உரையும் தயார்: ‘என் சொந்தங்களே, ஐம்பது வருடமும் ஏழு.’

அம்மா ஃபோனில் சொன்னார்: “நீ மைக்குல பேசறதப் பாக்க ஊரே வருதுடா குணாளா. மேடையில குடிக்கிற தண்ணிகூட நம்ம கிணத்துதுதான். தலைவர் கேட்டாரு, குடம் கழுவி வெச்சிருக்கேன்.”

செவ்வாய்க்கிழமை மாலை பன்னிரண்டாவது மாதிரியும் முடிந்தது. அறுநூறு வருடம், அறுநூறு ஏழு. டாக்டர் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

அக்கா மைசூர்பாகை இடது கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. உங்க ஊர்க் கல்லு புளிக்குது.”

சிரித்துவிட்டேன்.

“பத்தொம்பதாவது வருஷத்துல இருந்து புளிக்குது. முப்பதுல பல்லு கூசுது. சார்கிட்டச் சொன்னேன். உங்க பத்திரிகையை எடுத்து வாசிச்சுக் காட்டி அவரும் சிரிச்சாரு.”

“அக்கா, திரையில ஏழு இருக்கு.”

“இருக்கு. ஆனா புளிக்குதே.”

எனக்கு அடுத்த இதழுக்கான யோசனை அங்கேயே பிறந்தது. நாக்குக்கும் கருவிக்கும் நேரடிப் போட்டி! டாக்டரை நடுவராக இருக்கச் சொன்னேன். உற்சாகமாக ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் மூன்று டம்ளர்களை வைத்தேன். ஒன்றில் எலுமிச்சம்பழச் சாறு, இன்னொன்றில் மோர், கடைசியில் சோப்புத் தண்ணீர். அக்காவின் கண்ணை அவருடைய துப்பட்டாவாலேயே கட்டினேன். கருவி சார்பில், பன்னிரண்டாவது மாதிரியிலிருந்து முதல்நாள் கழற்றிய எலக்ட்ரோடு. ஐம்பது வருட அனுபவசாலி என்று அறிமுகம் செய்தேன். டாக்டர் கைதட்டினார்.

“முதல் சுற்று. அக்கா?”

“எலுமிச்சம்பழம். உப்புப் போட்டிருக்கீங்க.”

“கருவி?”

எலக்ட்ரோடைச் சாற்றில் விட்டேன். மீட்டர் 7.0 என்றது.

“வயர் சரியாச் சொருகலை பாரு” என்றார் டாக்டர். கழற்றி மறுபடி சொருகினேன். 7.0.

“ரெண்டாவது?”

“மோரு. புளிச்ச மோரு.”

7.0.

மூன்றாவது டம்ளரை அக்கா வாயில் வைத்ததும் துப்பினார். “சோப்புத் தண்ணியவா கொடுக்கறது! வெளங்குவீங்களா நீங்க!”

7.0.

நடுவர் கைதட்டவில்லை. நான் யாரையும் கேட்காமல் அலமாரியைத் திறந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தேன். சுண்ணாம்புக்கல்லின் மேல் விட்டால் நுரைத்துக்கொண்டு வருகிற அதே அமிலம். பீக்கரில் கொஞ்சம் ஊற்றி எலக்ட்ரோடை வைத்தேன்.

7.0.

எண் அசையக்கூட இல்லை. புது எலக்ட்ரோடு ஒன்றைப் பாக்கெட்டிலிருந்து பிரித்து எலுமிச்சைச் சாற்றில் விட்டேன். 2.4. சோப்புத் தண்ணீரில் 9.8. பழையதை மறுபடி விட்டேன். 7.0.

அக்கா துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். “யாரு செயிச்சது?” என்றார்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடிக் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரோ எழுதியதை வாசிப்பது போலச் சொன்னார்: “செத்த எலக்ட்ரோடு எப்பவும் ஏழுதான் காட்டும். முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும். வெளிய வெச்சே ரெண்டு வருஷத்துக்கு மேல தாங்காது.”

“சார், உள்ள அம்பது வருஷம் இருந்திருக்கு.”

“தெரியுதுப்பா.”

“பெட்டிக்குள்ள போற எல்லாப் பொருளும் மூப்படையும்னு கட்டுரையில எழுதினது நீங்கதானே?”

“கல்லைப் பத்தி எழுதினேன்” என்றார். “கருவியும் ஒரு பொருள்னு... தோணலை.”

அறுநூறு ஏழுகளில் ஏறத்தாழ ஐநூற்றெழுபதைச் சொன்னது பிணம். அதைக் கேட்டு நாங்கள் மைசூர்பாகு சாப்பிட்டிருக்கிறோம்.

வெளியே வடியும் தண்ணீரை அளந்தால் போதாதா என்று ஓடினேன். போதாது. பெட்டியின் தண்ணீர் சாக்கடைக்குப் போகும்முன் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. வெளியே வருவது எப்போதும் நல்ல தண்ணீர். அமிலம் இருக்குமிடம் பெட்டியின் உள்ளே, கல் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு வளைவில், சொட்டுச் சொட்டாக. அதுவும் பெட்டி ஓடும்போது மட்டும்.

அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

“அக்கா, நீங்க எங்கிருந்து எடுத்து நாக்குல வெச்சீங்க?”

“உள்ள இருந்துதான். பக்கவாட்டுல மூடி இருக்கில்ல? அதைத் திறந்து கை விட்டு.”

“எதனால கை? இடுக்கி, கரண்டி...”

“எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. வளைவுக்கு அந்தப் பக்கம் சொட்டுது. விரல்தான் வளையும். சின்ன டம்ளரைப் பிடிச்சா ஒரு வாய் சேர நாலு நிமிஷம்.”

“மீட்டர்ல பாத்திருக்கலாமே!”

“மீட்டர் எடுத்தா ரிஜிஸ்டர்ல எழுதணும். எழுதினா எதுக்குன்னு கேப்பாங்க. நாக்குக்கு ரிஜிஸ்டர் கிடையாது பாருங்க.”

“எத்தனை தடவை கை விட்டீங்க?”

“வருஷத்துக்கு ஒரு தடவை.”

மணிக்கு ஒரு தடவை. நாளைக்கு எட்டு. அறுநூறு தடவை, நாலு நாலு நிமிடம். மொத்தம் நாற்பது மணி நேரம். நாற்பது மணி நேரம் என்றால்—

“நோட்டைக் காட்டுங்க” என்றேன்.

அக்கா நோட்டை எடுத்தார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கையுறையோடு புரட்ட வரவில்லை. பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார்.

முழங்கைக்கு மேல் முப்பத்து நான்கு வயதுக் கை. முழங்கைக்குக் கீழே வேறு யாருடையதோ. தோல் நனைத்துப் பிழிந்த துணியாய்ச் சுருங்கி எலும்பில் தொங்கியது. புறங்கையில் பழுப்புப் புள்ளிகள், கயிறு கயிறாக நரம்பு. விரல் கணுக்கள் வீங்கி, சுண்டுவிரல் கோணலாகத் திரும்பியிருந்தது. அந்தக் கை நடுங்கியபடியே பக்கத்தைப் புரட்டி, பன்னிரண்டாவது மாதிரியைக் கண்டுபிடித்து, என் பக்கம் நோட்டைத் திருப்பி வைத்தது.

எனக்கு எது முதலில் ஞாபகம் வந்தது தெரியுமா? ‘இடது கை என்ன குற்றம் செய்தது?’ தலைப்புக்குச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

“முதல்ல தெரியலை தம்பி. நகம்தான் காட்டிக் கொடுத்துச்சு. ஒவ்வொரு தடவை விட்டு எடுக்கறப்பவும் ஒரு மாசத்து நகம் வளந்திருக்கும். சரி, நகம்தானேன்னு விட்டேன். அப்புறம் சுருக்கம். அதுக்குள்ள ஆறாவது கல்லு ஆயிருச்சு.”

“அதோட நிறுத்தியிருக்கலாமே, அக்கா!”

“அந்த ஆறாவது கல்லும் புளிச்சுது” என்றார். அது போதுமான பதில் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன்.

“மூட்டு வலி எத்தனாவது மாதிரியில ஆரம்பிச்சுது?” என்றார். கையில் பேனா இருந்தது. எங்கள் பார்வையைக் கண்டு அதைப் பையில் வைத்துக்கொண்டார். “ரத்தம் ஒண்ணுதான், கை மட்டும் எப்படி... சரி, வேண்டாம்.” பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், “ரிப்போர்ட் போயிடுச்சு குணாளன். வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் அமைதியா ஒரு திருத்தம் அனுப்பலாம். கம்பெனி எழுதிக் கொடுத்ததை மட்டும் நீ வாசி.”

“அனுமதி கொடுத்த பிறகு திருத்தத்தை யாரு சார் படிப்பா?”

அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். எனக்கும் பயம்தான், நோட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். ‘பதினெட்டு: துவர்ப்பு. பத்தொன்பது: புளிப்பு. இருபது: புளிப்பு. இருபத்தஞ்சு: புளியங்காய். முப்பது: பல் கூசுது.’ பத்தொன்பதாம் வருடத்தில் அம்மாவுக்கு எழுபது வயதாகியிருக்கும். காலையில் எழுந்ததும் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு இறைத்துக் குடிப்பது அவர் வழக்கம்.

கிளம்பும்போது அக்கா செத்த எலக்ட்ரோடையும் சின்ன மீட்டரையும் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். “ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன். எதுக்குன்னு கேட்ட இடத்துல ‘ஊருக்கு’ன்னு போட்டிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை பள்ளி மைதானத்தில் நிற்க இடமில்லை. ஷாமியானா, இரும்பு நாற்காலி, ‘சோதனை... சோதனை’ என்று மைக்செட்காரர். மேடையில் கலெக்டர் அம்மா. அவர் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சை ஜூஸ், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டது. முன்வரிசையில் அம்மா, பட்டுப்புடவையில்.

என்னைக் கூப்பிட்டார்கள். உரையைப் பிரித்தேன். “என் சொந்தங்களே” வரைக்கும் வாசித்தேன். அடுத்த வரியில் ஏழு இருந்தது. காகிதத்தை மடித்தேன்.

“கருவி செத்துப் போச்சுங்க” என்றேன். “வடக்குக் குவியல் தண்ணி பத்தொம்பதாவது வருஷத்துல புளிச்சிடும். மத்ததுலயும் சிலது புளிக்குது. ஒரு அக்கா அறுநூறு தடவை நாக்குல வெச்சுப் பாத்து எழுதியிருக்காங்க.”

கம்பெனி அதிகாரி எழுந்தார். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். செல்ஃபோனை எடுத்தார்.

“நாக்குல வெச்சுப் பாத்தாங்களாம். அம்மா, ஒரு பத்திரிகையிலிருந்து வாசிக்க அனுமதி கொடுங்க. ‘மனித நாக்கு அறிவியல் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. கருவிக்குப் பசி இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை, ஆகவே பொய்யும் இல்லை.’ ஆசிரியர் குணாளன், எம்.எஸ்சி. நீங்கதானே தம்பி?”

ஊரே சிரித்தது. நான் எழுதியதற்கு இவ்வளவு பெரிய கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் எழுதினேன்” என்றேன். “நம்பித்தான் எழுதினேன்.” பையைத் திறந்து மீட்டரை எடுத்தேன். “அம்பது வருஷமும் ஏழுன்னு சொன்ன கருவி இதுதாங்க. கலெக்டர் அம்மா, உங்க ஜூஸைக் கொஞ்சம் தர்றீங்களா?”

கலெக்டர் தம்ளரை நகர்த்தினார். எலக்ட்ரோடை விட்டேன். எண் அவர் பக்கம் தெரியும்படி மீட்டரைத் திருப்பினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“ஏழு” என்று மைக்கில் வாசித்தார். பிறகு தம்ளரைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார். “இப்பதான் குடிச்சேன். சர்க்கரை கம்மி. நல்ல புளிப்பு.”

“எதை வெச்சும்மா சொல்றீங்க?” என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

இந்த முறை சிரிப்பு வேறு திசையில் போனது. அதிகாரி செல்ஃபோனைச் சட்டைப் பையில் வைத்தார்.

கலெக்டர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மாதிரிகளையும் மறுபடி ஓட்ட வேண்டும், ஒவ்வொரு வருடத் தண்ணீரையும் தனியாக எடுத்துப் புதுக் கருவியில் அளக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம், அதுவரை அனுமதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நியாயமான உத்தரவு. எழுதி முடித்த பிறகுதான் அது என்ன கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது. அறுநூறு தடவை யாராவது கை விட வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம்.

மேடையிலிருந்து இறங்கியதும் அம்மா கேட்டார்: “அப்ப இப்பக் குடிக்கிற தண்ணி?”

“இப்ப நல்லாத்தான் இருக்கும்மா.”

“அந்தப் பொண்ணு யாருடா? நாக்குல வெச்சுப் பாத்தவ?”

“ஒரு அக்கா.”

“கூட்டிட்டு வா ஒருநாள். சோறு போடறேன்.”

திங்கட்கிழமை பரிசோதனைக்கூடத்தில் மூவரும் பெட்டி முன்னால் நின்றோம். டாக்டர் அந்த அறைக்குள் வந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வளையும் விரல் வைத்த ரப்பர்க் கருவி ஒன்று வரைந்து வைத்திருந்தார். தயாராக ஒரு வருடமாகும் என்றார். எங்களிடம் மூன்று மாதம் இருந்தது.

அக்கா புடவைத் தலைப்பைச் செருகினார். “இது இனிமே டம்ளரைப் பிடிக்காது” என்று வலது கையைப் பார்த்துச் சொன்னார். “இடது கை இன்னும் புதுசாத்தான் இருக்கு.” அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், இன்னொரு டம்ளர் அலமாரியில் இருக்கிறது என்பது போல.

டாக்டர் சுவரைப் பார்த்தார். கல்லுக்காகக் கையைக் கொடுக்க நான் என்ன முட்டாளா என்று எனக்குள் இருந்த ‘சுத்தியல்’ ஆசிரியர் கேட்டார். நல்ல வரி. எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நான் இடது சட்டைக் கையை மடித்தேன்.

“வலதுதான் தம்பி வாகு” என்றார் அக்கா.

“எழுத வேணுமேக்கா.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். “அட, எனக்குத் தோணவே இல்லை பாருங்க” என்றார். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

இது மூன்றாவது வாரக் கடைசி. மூன்றாவது கல் முடியப்போகிறது. என் இடது கை என்னைவிட ஒன்பது வயது மூத்தது. உள்ளே சூடும் இல்லை, வலியும் இல்லை. வெளியே எடுக்கும்போது மட்டும் பார்க்கக்கூடாது. அக்கா மணியைப் பார்த்துச் சொல்வார், டாக்டர் மூடியைப் பிடித்துக்கொள்வார். தண்ணீரில் புது எலக்ட்ரோடு போட்டு அளப்போம். இன்று கடைசித் தடவை 3.6 காட்டியது. எண்ணை ரிஜிஸ்டரில் எழுதுவதற்கு முன்னால் டாக்டர் திரும்பிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன். துப்பினேன். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பல் கூசுது’ என்று போட்டேன்.

ஐந்தரைக்குக் காலம் நின்றது. படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். அக்கா வந்து பக்கத்தில் அமர்ந்து நகவெட்டியை நீட்டினார்.